மண்மேட்டைச் சுட்ட துப்பாக்கி

தேர்தல் வந்தால் எங்கள் பக்கத்தில் கட்சிக்காரர்கள் சுவர்களுக்கு வெள்ளையடிக்கக் கிளம்புவார்கள். நான் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்புவேன். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் ஓட்டு எண்ணி முடிக்கிறவரை அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். தொண்ணூறுகளில் டில்லியில் ஓர் ஆட்சியும் நிலையாக உட்காரவில்லை என்று பேப்பரில் பெரிய பெரிய ஆட்கள் கவலைப்பட்டு எழுதினார்கள். என் அளவுக்குக் கவலைப்பட்டவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். அங்கே ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்தால் இங்கே நான் பஸ் ஏற வேண்டும்.

மேட்டுப்பாளையம் ரோட்டு டவுன் பஸ்ஸில், கூட்டத்துக்கு நடுவே, நாலடி நீளச் சாக்குச் சுருளோடு நிற்பது லேசான வேலை இல்லை. "அதென்னம்மா, கடப்பாரையா?" என்று கண்டக்டர் கேட்பார். ஆமாங்க என்பேன். துப்பாக்கி என்று சொன்னால் பாதி பஸ் இறங்கிவிடும், மீதி பஸ் கதை கேட்கும். இரண்டுக்கும் எனக்குத் தெம்பு இருந்ததில்லை.

ஸ்டேஷனில் ஆள் மாறுவார்கள், கேள்வி மாறாது.

"வீட்டுக்காரர் வரலையாம்மா?"

"அவுரு எதுக்குங்க? துப்பாக்கி என்னுதுங்க."

"உங்களுதா? நீங்களே சுடுவீங்களா?"

"பின்ன, அடுப்பு ஊதறதுக்கா வெச்சிருக்கறேன்?"

முதல் முறை இப்படிச் சொன்னபோது அந்த ஏட்டு சிரித்துவிட்டு உட்கார நாற்காலி போட்டார். அடுத்தடுத்த தேர்தல்களில் எனக்குச் சொல்லவே அலுப்பாகிவிட்டது. "சுடுவேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

அது என் அப்பாவின் துப்பாக்கி. மலைமேல் எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் அப்பா வாங்கியது. ரைபிள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் எங்கள் வாயில் அது எப்போதும் துப்பாக்கிதான். ஒற்றைக் குழல். ஒரு நேரத்துக்கு ஒரே தோட்டா. விசைக்குக் கீழே வளைவாக ஒரு நெம்பு இருக்கும். அதை இறக்கினால் உள்ளே ஓர் இரும்புக் கட்டை கீழே இறங்கி, குழலின் பின்வாய் திறக்கும். தோட்டாவை வைத்து நெம்பை ஏற்றினால் மூடிக்கொள்ளும். சுட்டபிறகு மறுபடி இறக்கினால் காலிக் கூடு வெளியே வந்து விழும். அதன் சாமர்த்தியம் அவ்வளவுதான். இரும்பின் பக்கவாட்டில் ஒரு மான் செதுக்கியிருந்தது. அந்த மானைத் தவிர வேறு எந்த மானும் அதன் பக்கத்தில் வந்து நான் பார்த்ததில்லை.

அப்பா எனக்குச் சுடச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் பாட்டுக்குத் துடைப்பார், நான் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன். தோட்டா போடுமுன் அவர் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. பின்வாயைத் திறந்து, குழலை வானத்துப் பக்கம் தூக்கி, ஒரு கண்ணை வைத்து உள்ளே பார்ப்பார். அந்தக் கோடியில் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். குளவி உள்ளே கூடு கட்டியிருக்கலாம், துடைத்த துணி தங்கியிருக்கலாம். அடைப்போடு சுட்டால் வெடி முன்னால் போக வழியில்லாமல் குழலைக் கிழித்துக்கொண்டு சுட்டவர் முகத்துக்கே வந்துவிடும். பார்த்துப் பார்த்து எனக்கும் அது கைப்பழக்கமாக ஒட்டிக்கொண்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. மலையடிவாரத்தில் அவர் விட்டுப்போன பூமியும் துப்பாக்கியும் எனக்கு வந்தன. பூமி வந்ததைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. துப்பாக்கி வந்ததைப் பற்றிப் பேசாத சொந்தபந்தம், ஒறம்பரை இல்லை. பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை, கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்றார்கள். அவர்கள் அப்படிப் பேசியிராவிட்டால் ஒருவேளை கொடுத்திருப்பேன். எனக்கு எப்போதும் இந்த வீம்பு உண்டு. அதற்கான கூலியை வாழ்நாள் முழுக்க நானேதான் வாங்கியிருக்கிறேன்.

மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை அப்படிக் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் துப்பாக்கியை வீட்டுக்குள் விடவில்லை. செத்தவர் புழங்கிய சாமான், அதுவும் உயிரை எடுக்கிற சாமான், சாமி படம் இருக்கிற வீட்டுக்குள் எதற்கு என்று புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் வைக்கிற ரூமைக் காட்டினார். அங்கே ஓர் ஆணியில் தொங்கவிட்டுக் கதவைப் பூட்டிக்கொள்வேன். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் "உங்கூட்டுத் துப்பாக்கி" என்பார். கல்யாணமாகிப் பதினாலு பதினஞ்சு வருஷமாகியும் எனக்கு இன்னொரு வீடு இருந்ததை அவர் அந்த ஒரு வார்த்தையில் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்.

காட்டுப்பன்றியைச் சுட்டால் கேஸ். சுடாவிட்டால் அந்தப் பூமியில் போட்ட கடலைக்காய் மிஞ்சாது. நடுவில் சட்டம் விட்ட வழி, வெடிச்சத்தம் ஒன்றுதான். வானத்தைப் பார்த்துச் சுட்டால் குண்டு எவன் தலையில் இறங்குமோ என்று பயம். எங்கள் தோட்டத்தில் கிணறு வெட்டிய மண்ணை ஒரு மூலையில் மேடாகக் கொட்டி வைத்திருந்தார்கள். நான் அந்த மேட்டைச் சுடுவேன். புலிக்கும் மானுக்கும் என்று சீமையில் செய்த துப்பாக்கி, என் கையில் இருந்த காலமெல்லாம் சுட்டது அந்த மண்மேட்டைத்தான். சத்தம் மலையில் மோதித் திரும்பி வரும். பட்டாசு வெடிக்கக் கூடாதா என்பார்கள். பட்டாசுக்குப் பன்றிகள் ஒரே பட்டத்தில் பழகிவிட்டன. தகர டப்பாவுக்கு அதற்கும் முன்னாலேயே பழகிவிட்டன. இந்தத் துப்பாக்கிக்கு மட்டும்தான் கடைசிவரை பழகவில்லை. சத்தம் கேட்டால் குட்டியோடு மலையேறி ஓடிப்போய், மூன்று நாலு நாளைக்கு இறங்காது.

அந்த வருஷங்களை நினைத்தால் முதலில் எனக்கு ஞாபகம் வருவது களைப்புதான். வெடியால இருட்டோடு எழுந்து மாடு கறந்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, வீட்டுக்காரருக்கு ஷிப்டுக்குச் சோறு கட்டி, பிறகு மொபெட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவேன். காய் பிடிக்கிற காலத்தில் இரவும் தோட்டத்துச் சாளையிலேதான் படுக்கை. அவர் ஷிப்ட் ஒத்துவந்தால் கூட வருவார். அந்தச் சாளை என்பது நாலு கல்காலும் ஓலைக்கூரையும்தான். தூக்கம் என்று சொல்ல முடியாது, கண்ணை மூடிக்கொண்டு விழித்திருப்பேன். ஒரு வெடி வைத்தால் வலது தோள் இரண்டு நாளைக்குத் தூக்க வராது. தலைவாரும்போது சீப்பை இடது கையில் பிடித்துக்கொள்வேன்.

அவர் நல்ல மனுஷன். அதையும் சொல்லத்தான் வேண்டும். மோட்டார் கம்பெனியில் வேலை. இரும்போடு புழங்குகிறவருக்கு மண் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் பூமிக்கு மூன்று பக்கமும் அதற்குள் சைட் போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். ஏதோ ஒரு நகர் என்று பெயர் வைத்து வளைவும் கட்டியிருந்தார்கள். குடிவந்தது என்னவோ ஓணானும் பன்றியும்தான். தரகர்கள் எங்கள் வாசலுக்கு வந்துவந்து செருப்புத் தேய்ந்தார்கள். அவர்கள் போனபிறகு அவர் என்னைப் பார்ப்பார், நான் வேறு எங்காவது பார்ப்பேன்.

தொண்ணூற்றொன்பதில் ஆடிப்பட்டத்துக்கு விதைக்கிற சமயத்தில் அவர் பேச்சை எடுத்தேவிட்டார். அத்தையும் பக்கத்தில் இருந்தார்.

"இங்க பாரு அம்மணி, நாம பன்னிக்கு வெவசாயம் பண்ணீட்டு இருக்கறோம். போன வருசமும் பாதிக்கு மேல அதுகதான் தின்னுச்சு. வித்துப்போடலாம்."

"எங்கப்பன் பூமிங்க அது."

"உங்கப்பன் பூமிதான். உங்கப்பனா வந்து காவலுக்குப் படுக்கறாரு? நீதான அலையறே. மூஞ்சியக் கண்ணாடில பாரு."

நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. "இந்த ஒரு வருசம் பாருங்க" என்றேன்.

"சரி. இந்த வருசம் கடல ஊடு வந்து சேந்துச்சுன்னா, சாகற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். சேரலீன்னா வித்துப்போடோணும். அம்மா, நீ சாட்சி."

அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே இரண்டு பேரையும் பார்த்தார். "உங்க பஞ்சாயத்துக்கு நான் ஒருத்தி" என்றார். ஆனால் மறுக்கவில்லை. அப்படித்தான் அந்த வருஷத்துக் கடலைக்காயோடு என் அப்பாவின் பூமியும் சேர்ந்து பந்தயத்துக்குப் போனது.

விதை நன்றாக முளைத்தது. மழையும் சொன்னபடி கேட்டது. பூ இறங்கி விழுது மண்ணுக்குள் போகிற நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது. சாக்கு, பஸ், கடப்பாரையா, ஆமாங்க, வீட்டுக்காரர் வரலையா, சுடுவேனுங்க. துப்பாக்கியை வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

துப்பாக்கி இல்லாத நாட்களில் எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். சலூன் சலூனாகப் போய்க் கூட்டித் தள்ளிய மயிரைச் சாக்கில் அள்ளி வந்து வரப்போரம் தூவினேன். நிலத்தை மோந்துகொண்டே வருகிற பன்றிக்கு மூக்கில் மயிர் ஏறினால் திரும்பிப் போய்விடும் என்பார்கள். ஊர் ஆம்பளைகள் தலைமயிரெல்லாம் எங்கள் வரப்பில் கிடந்தது. பழைய சீலைகளைக் குச்சிகளில் கட்டித் தோட்டத்தைச் சுற்றி வளைத்தேன். சீலை போதவில்லை. ஒரு நாள் அத்தை தன் பெட்டியைத் திறந்து, கட்டாமல் வைத்திருந்த நாலைந்து நூல் சீலைகளை எடுத்து வந்து என் முன்னால் போட்டார்.

"எனக்கு இனி இதெல்லாம் எதுக்கு? கொண்டுபோய்க் கட்டு" என்றார்.

மயிரும் சீலையும் கொஞ்ச நாள் பன்றிகளைத் தாக்காட்டித் தள்ளி வைத்தன. ஓட்டு எண்ணி முடித்ததும் முதல் பஸ்ஸுக்கே ஓடிப்போய்த் துப்பாக்கியை வாங்கி வந்தேன். குழலில் லேசாகத் துரு. பித்தளைக் குச்சியில் துணி சுற்றி எண்ணெய் விட்டுத் துடைத்து, வானத்தைப் பார்த்தேன். வெளிச்ச வட்டம் நாணயம் போலத் தெரிந்தது. அன்றைக்கே தோட்டத்துக்குப் போய் மண்மேட்டில் ஒன்று வைத்தேன். மலை அதைத் திருப்பிச் சொன்னது. அந்த வாரத்தில் இன்னொன்று. செடிகளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் காய் கொத்துக் கொத்தாக இருந்தது. முற்ற இன்னும் கொஞ்ச நாள்தான். சந்தோஷம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். உட்கார்ந்து அழலாம் போல் இருந்தது, அழவும் தெம்பில்லை.

மறுநாள் நான் துணி காயப்போடக் கையைத் தூக்கும்போது வலி பொறுக்காமல் முனகிவிட்டேன். அத்தை எழுந்து வந்து ரவிக்கையின் தோளை விலக்கிப் பார்த்தார். தோள் கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருந்தது.

"கடவுளே, இப்பிடியா ஒதைக்குது அது?"

"எப்பவும் இப்பிடித்தானுங்க அத்தை."

"எப்பவுமா? இத்தன வருசமா ஒரு வார்த்த சொன்னயா நீயி?"

உப்பை வறுத்துத் துணியில் முடிந்து அவரே ஒத்தடம் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே யோசித்தார் போலிருக்கிறது.

"நாளான்னிக்கு ஆயுத பூசைல அதையும் வெப்பம் கண்ணு" என்றார். "இத்தன வருசம் அதுக்கு ஒரு பொட்டு வெக்காம உட்டுப்போட்டனே. ஒதைக்கிற மாட்டுக்குத்தான் மொதல்ல பொட்டு வெக்கோணும். அப்பத்தான் அது நம்மள அண்டும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பொட்டு வைத்தால் துப்பாக்கி உதைக்காது என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த மூட்டையின் சூடு தோளில் இறங்க இறங்க, என்னவோ இறங்கிப்போன மாதிரி இருந்தது.

ஆயுத பூஜையன்று நான் சமையல்கட்டில் சுண்டலோடும் வடையோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பொட்டு வைப்பதெல்லாம் அத்தையின் பொறுப்பு. நான் வந்து பார்த்தபோது அரிவாள், கடப்பாரை, மருந்தடிக்கிற மிஷின், வீட்டுக்காரரின் ஸ்பேனர்கள், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுவில், சாமி படத்துக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்த்து, அது நின்றது. கட்டையில் சந்தனம், மேலே குங்குமம், குழலைச் சுற்றி ஒரு முழம் செவ்வந்தி. அந்த மானுக்குக்கூடப் பொட்டு வைத்திருந்தார். அப்பா போனதிலிருந்து அந்த வீட்டில் என் பக்கத்து ஆள் ஒருவர் முதல் முறையாக உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கற்பூரம் காட்டும்போது எனக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் சாமான்களையெல்லாம் எடுத்தபிறகு, அத்தை துப்பாக்கியைத் தன் பழைய சீலை ஒன்றில் நுனி முதல் அடிவரை சுற்றிக் கட்டி என்னிடம் கொடுத்தார்.

"நம்மூட்டுத் துப்பாக்கி" என்றார். "பதனமா எடுத்துட்டுப் போ."

நம்மூட்டு என்றார். அதைக் கேட்டபிறகு அந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பூஜைக்கு முன்னால் நானே துடைத்துக் கொடுத்த துப்பாக்கி. பொழுதோட, வெயில் தாழ, வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு மொபெட்டில் தோட்டத்துக்குப் போனேன். பித்தளைக் குச்சி நீளமாக இருந்து வண்டியில் இடறும் என்று அதை எப்போதும் எடுத்துப் போவதில்லை. அன்றைக்கும் எடுத்துப் போகவில்லை.

கோழி கூப்பிட்டு, கிழக்கு வெளுத்துவரும் நேரத்தில் செடி பிடுங்கும் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு இல்லை. மேற்குப் பக்கத்துச் சீலைவேலியைச் சாய்த்துவிட்டு ஒரு கூட்டமே உள்ளே நின்றது. பெரிதும் குட்டியுமாகத் தலையைக் குனிந்து ஏர் ஓட்டுவது போல் மண்ணைக் கிளறிக்கொண்டு வந்தன. பல்லில் காய் உடைபடுவதுகூடக் கேட்டது.

நான் சீலையைப் பிரித்தேன். நெம்பை இறக்கினேன். பின்வாய் திறந்தது. கை தன்னால் குழலை வானத்துப் பக்கம் தூக்கியது. ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன்.

இருட்டாக இருந்தது.

இன்னும் விடியவில்லையோ என்று வானத்தைப் பார்த்தேன். வானம் வெளுத்துத்தான் இருந்தது. மறுபடி பார்த்தேன். வெளிச்ச வட்டம் இல்லை. துப்பாக்கியைத் திருப்பி நுனியைப் பார்த்தேன். குழலின் வாய் நிறையச் சந்தனம். உள்ளே விரலால் அழுத்தி அழுத்தி வைத்து, மேலே வழித்து, நடுவில் குங்குமம் இட்டு, நன்றாகக் காய்ந்து கல்லாகியிருந்தது. லாரிக்கு முகத்தில் பொட்டு வைப்பார்கள், மாட்டுக்கு நெற்றியில் வைப்பார்கள். துப்பாக்கிக்கு முகம் எது என்று அத்தை யோசித்திருப்பார். வேறு எதைச் சொல்ல முடியும்? வாய் இருக்கிற இடம்தானே முகம்.

"என்ன பாத்துட்டு நிக்கறே? சுடு, சுடு" என்று அவர் பின்னாலிருந்து கத்தினார்.

"சுட முடியாதுங்க."

"ஏன்?"

நுனியை அவர் பக்கம் நீட்டினேன். அவர் கண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். காய்ந்த சந்தனத்தில் அவருடைய அம்மாவின் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். இரும்பு தெரிந்த மனுஷன், விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவருக்கு அந்த நிமிஷத்தில் என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், பந்தயத்தில் ஜெயித்துவிடுவார். அவர் உட்காரவில்லை. தகர டின்னைத் தூக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பில்லாத காலோடு கடலைக்குள் இறங்கி ஓடினார். "ஏய், ஏய்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு டின்னை அடித்தார். பெரிய பன்றி ஒன்று நிமிர்ந்து, இது யார் புதிதாக என்பது போலப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது. அவர் கொடி தடுக்கி விழுந்து, எழுந்து, திரும்பவும் ஓடினார். கூட்டம் அவருக்கு இடம் விட்டு இந்தப் பக்கம் நகர்ந்து தின்றது. அவர் இந்தப் பக்கம் வந்தால் அது அந்தப் பக்கம் போனது.

நான் ஒரு குச்சியை ஒடித்துச் சந்தனத்தைக் குத்திக்கொண்டிருந்தேன். மேலே இருந்தது பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே இருந்தது அசையவில்லை. குச்சி முறிந்து முனை உள்ளே மாட்டிக்கொண்டது. இன்னொரு குச்சி ஒடித்தேன், அதுவும் முறிந்தது. விரல் நகத்தால் சுரண்டினேன். சந்தன வாசம் கையெல்லாம் அடித்தது. தோட்டாவைப் போட்டு நடப்பது நடக்கட்டும் என்று ஒரு வெடி வைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நெம்பின் மேல் கை போனது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமே, யார் தலை பின்னிவிடுவது என்று நினைப்பு வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

பொழுது கிளம்பியதும் பன்றிகள் தாமாகவே மலைப்பக்கம் நடந்தன. ஓடக்கூட இல்லை, நடந்தன. தோட்டம் உழுதுபோட்ட கொல்லையாகக் கிடந்தது. அவர் முழங்காலில் ரத்தத்தோடு வந்து என் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"அம்மாகிட்டச் சொல்லீராத" என்றார், மூச்சு அடங்கியதும்.

"சொல்ல மாட்டேனுங்க."

"தோட்டா நனஞ்சுபோச்சுன்னு சொல்லிப்போடு."

விற்பதைப் பற்றி அவர் அன்றைக்கும் பேசவில்லை, அடுத்த மாதமும் பேசவில்லை. மார்கழியில் நானேதான் பேச்சை எடுத்தேன். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம், என்னால் முடியவில்லை. அந்த விடியற்காலையில் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது, எல்லாம் போயிற்று என்ற துக்கத்துக்கு அடியில், இனி இங்கே வந்து படுக்க வேண்டாம் என்ற நினைப்பும் இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றும் தெரியும். களைத்துப் போனவர்களுக்குத்தான் அது புரியும்.

தை பிறந்ததும் பூமி கைமாறியது. முதல் வேலையாக அந்த மண்மேட்டை அள்ளிக் கிணற்றை மூடினார்கள். அதற்குள் நான் சுட்ட அத்தனை குண்டும் இருந்தது. காவல் காக்கத் தோட்டமே இல்லாதபோது துப்பாக்கி எதற்கு? துப்பாக்கிக் கடையில் கொடுத்து உள்ளே மாட்டியிருந்ததைச் சுத்தமாக எடுக்கச் சொன்னேன். கடைக்காரர் குழலைக் கவிழ்த்துத் தட்டியபோது குச்சித் துண்டுகளோடு மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. "என்னங்கம்மா இது, கறையானா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அப்புறம் நிரந்தரமாக ஒப்படைத்துவிட்டேன். இந்த முறை ஸ்டேஷனில் வீட்டுக்காரரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அத்தையிடம் பூமி விற்றதைச் சொன்னோம். துப்பாக்கி போனதைச் சொல்ல வாய் வரவில்லை. புண்ணாக்கு ரூமுக்கு அவர் போகிறதும் இல்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் வழக்கத்தைவிட அதிகமாகச் சந்தனம் அரைத்திருந்தார். அரிவாளுக்கும் கடப்பாரைக்கும் வைத்து முடித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நம்மூட்டுத் துப்பாக்கி எங்க அம்மணி?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஸ்பேனரைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஸ்டேசன்ல இருக்குதுங்க அத்தை" என்றேன். "எலெக்சனுங்க."

அத்தை அதை அப்படியே நம்பினார். எப்போது பார்த்தாலும் ஏதாவது ஓர் எலெக்சன் நடந்துகொண்டிருந்த காலத்தில் நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது? கிண்ணத்தில் மிஞ்சியிருந்த சந்தனத்தை விரலால் வழித்துக் கூட்டி நடுவில் குவித்தார்.

"போன வருசம் நான் கொஞ்சமா வெச்சுப்போட்டேன் கண்ணு" என்றார். "அதான் கடல ஊடு வந்து சேரல. எனக்கு மனசே கேக்கல. எலெக்சன் முடிஞ்சு அது வரட்டும், இந்தத் தடவ வாய் நெறைய வெக்கறேன்."

என் வீட்டுக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

"சரிங்க அத்தை" என்றேன்.